கனிந்த வாழைப்பழத்தில் கேக்: எங்கே சொதப்புகிறது?

ஆயுத பூஜை முடிந்த கையோடோ, ஒரே வாரத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகோ, வீட்டில் வாழைப்பழம் சேர்ந்துவிடும். முதல் இரண்டு நாள் யாரும் தொட மாட்டார்கள். மூன்றாம் நாள் தோலில் கரும்புள்ளி விழும், பொடி ஈக்கள் சுற்ற ஆரம்பிக்கும், உடனே ஒருவர் “பனானா பிரெட் பண்ணிடலாமே” என்பார். பெயரில் பிரெட் என்றாலும் அது கேக்தான். நல்ல யோசனைதான். ஆனால் கேக் சாப்பிடும் ஆசையைவிடப் பழம் வீணாகிறதே என்ற கவலை அதில் தூக்கலாக இருக்கும். உள்ளே களியாகவும் வெளியே கருகலாகவும் வரும் பாதி கேக்குகளுக்கு அந்தக் கவலைதான் காரணம்.

இருக்கிற பழம் முழுவதையும் ஒரே டின்னில் தீர்த்துவிடப் பார்ப்பார்கள். வாழைப்பழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். குறிப்பில் சொன்னதற்கு மேல் இரண்டு பழம் போட்டால் ருசி இரட்டிப்பாகாது. மாவு தாங்க முடியாத ஈரம்தான் கூடும். மேலே பொன்னிறமாக உப்பி நிற்கும், வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழும், வெட்டினால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பசைபோல் ஒட்டும்.

குறிப்பைச் சரியாகப் பின்பற்றினேனே என்பவர்களுக்கும் இது நடக்கும். ஆங்கிலக் குறிப்புகள் ‘மூன்று வாழைப்பழம்’ என்று எண்ணிக்கையில்தான் சொல்லும். அந்த ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கேவண்டிஷ் என்ற ஒரே வகை. நம் ஊரில் மோரிஸ், ரொபஸ்டா என்று விற்பது அதே குடும்பம்தான். தோல் உரித்தால் ஒரு பழம் 100 முதல் 120 கிராம் தேறும். ஏலக்கியோ அதில் பாதிகூட வராது. நேந்திரத்தில் பெரிதாக ஒன்று மாட்டினால் கணக்கு மறுபக்கம் சாயும். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், மசித்த பழத்தை எடை போடுங்கள். 200 கிராம் மைதாவுக்கு 300 கிராம் பழம், 100 கிராம் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. இது தாங்கும். மிச்சப் பழத்தை உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மூன்று மாதம் இருக்கும். தோலோடு வைத்தால் பிறகு உரிப்பது பெரும்பாடு. பழம் இளகும்போது விடும் நீரைப் பலர் கொட்டிவிடுகிறார்கள். இனிப்பும் மணமும் அதில் இருக்கிறது. அதையும் சேர்த்தே எடை போடுங்கள்.

பழத்தின் வகையும் முக்கியம், இதை வெளிநாட்டுக் குறிப்பு எதுவும் சொல்லித் தராது. பூவனில் லேசான புளிப்பு உண்டு. அது சோடாவோடு ஒத்துப்போகும் என்பதால் கேக்குக்கு என் ஓட்டு பூவனுக்குத்தான். கற்பூரவள்ளி தித்திப்பு அதிகம், சர்க்கரையை 70 கிராமாகக் குறைக்கலாம். அதில் சில சமயம் கறுப்பாகக் கெட்டியான விதை இருக்கும், மசிக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். ரஸ்தாளியில் சில பழங்களுக்குள் கல் மாதிரி வெள்ளைக் கட்டி இருக்கும். எவ்வளவு பழுத்தாலும் அது இளகாது, எடுத்துப் போட வேண்டியதுதான். நேந்திரம் மஞ்சளாக இருக்கும்போதே மசித்தால் மாவுச்சத்து நிறைய மிஞ்சியிருக்கும், கேக் வறண்டுபோகும். தோல் நன்றாகக் கறுக்கிறவரை பொறுக்க வேண்டும். சொல்லப்போனால் நேந்திரத்தை மைதாவில் கலக்காமல், மலபார்ப் பக்கம் செய்கிற காய்ப்போளாவுக்கு ஒதுக்கிவிடுவது உத்தமம். நெய்யில் வதக்கிய பழத் துண்டு, முட்டை, சர்க்கரை, ஏலக்காய் இவ்வளவுதான். மூடி போட்டுச் சிறு தீயில் அடுப்பிலேயே வேகும், கேக் சுடும் ‘அவன்’ (oven) வேண்டாம். மலைப்பழத்தை மட்டும் கேக்கில் போடாதீர்கள். விருப்பாச்சி, சிறுமலைப் பழங்களின் அந்த மணம் அவன் சூட்டில் நிற்காது. பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழத்தை மைதாவில் புதைப்பானேன்?

கனிந்த பழம் வேறு, கெட்ட பழம் வேறு. தோல் கறுப்பதில் தப்பில்லை. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, கேக்குக்கு வேண்டியதும் அதுதான். ஃப்ரிட்ஜில் வைத்த பழம் வெளியே கரிக்கட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே நன்றாகவே இருக்கும். ஆனால் காம்பருகே பூஞ்சை பிடித்திருந்தாலோ, தோல் வெடித்து நீர் கசிந்தாலோ, கள் வாடை அடித்தாலோ குப்பைதான். சூட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அதையும் உள்ளே தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். புளித்த வாடை வெந்த பிறகும் போகாது.

அடுத்து சோடா. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றுதான் என்று நினைத்து, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றை அதே அளவு போடுவது நம் சமையலறைகளில் சகஜம். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலமும் கலந்திருக்கும். சோடாவுக்கு அமிலத்தை நாம்தான் தர வேண்டும். வாழைப்பழத்தின் புளிப்பு மிகச் சொற்பம் என்பதால் இரண்டு ஸ்பூன் தயிர் சேர்ப்பது நல்லது. சோடா கூடிப்போனால் கேக் கருஞ்சிவப்பாகும், நாக்கில் சோப்பு ருசி தட்டும். பிரித்து மாதக்கணக்கில் கிடக்கும் பேக்கிங் பவுடரை நம்பாதீர்கள். அரை டீஸ்பூன் எடுத்துக் கொதிநீரில் போட்டால் சடசடவென்று பொங்க வேண்டும். பொங்காவிட்டால் புதுசு வாங்குங்கள்.

மாவில் சோடா கலந்த பிறகு காத்திருக்கக் கூடாது. அவனைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே சூடாக்கிவிட்டுத்தான் ஈரமான பொருளையும் மாவையும் ஒன்றுசேர்க்க வேண்டும். கலந்து வைத்த நேரம் பார்த்து கரண்ட் போனால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழிப்பணியாரச் சட்டியை எடுங்கள், நெய் விட்டு ஊற்றுங்கள். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், தீயைக் குறைத்தே வையுங்கள்.

இன்னொரு எதிரி மிக்ஸி. பழத்தை மட்டும் அடித்தால் பெரிய கேடில்லை, கூழாகி மணம் சமமாகப் பரவும், அவ்வளவுதான். எனக்கு முள்கரண்டியால் மசித்து அங்கங்கே சின்னக் கட்டி விட்டால்தான் பிடிக்கும். ஆனால் மைதாவையும் அதே ஜாரில் போட்டு ஓடவிட்டால் கதை முடிந்தது. பரோட்டா மாவை இழுக்க வைக்கிற அதே பசைத்தன்மை கேக்கை ரப்பராக்கிவிடும். வெட்டிப் பார்த்தால் நீளநீளமாகக் குழாய்போல் ஓட்டை தெரியும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரை கரண்டியால் புரட்டினால் போதும். கட்டி கட்டியாக இருக்கிறதே என்று கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். கோதுமை மாவில் செய்ய நினைப்பவர்கள் முதல் தடவை பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள், இரண்டு ஸ்பூன் பால் கூடுதலாகக் கேட்கும். முட்டை சாப்பிடாதவர்கள் முட்டைக்குப் பதில் இன்னொரு வாழைப்பழம் என்ற யோசனையை இங்கே மட்டும் மறந்துவிட வேண்டும். ஏற்கெனவே ஈரம் தளும்பும் மாவு அது. கால் கப் கெட்டித் தயிர் போதும்.

சூடு விஷயத்தில் சின்ன ஓடிஜிகள் (OTG, மேடைமேல் வைக்கும் மின் அவன்) நிறையப் பேரை ஏமாற்றுகின்றன. குறிப்பில் 180 டிகிரி என்று இருக்கும், நாமும் 180-ல் வைப்போம். ஆனால் உள்ளே இடம் குறைவு, டின்னின் தலை மேல் கம்பியை முட்டுகிற மாதிரி நிற்கும். இருபது நிமிடத்தில் மேலே கறுத்துவிடும், நடுவில் மாவு மாவாகவே இருக்கும். டின்னைக் கீழ்த் தட்டில் வையுங்கள், 170-ல் தொடங்குங்கள், மேல் சிவந்ததும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ரொட்டி டின்னில் ஐம்பது முதல் அறுபது நிமிடம் ஆகும். மேலே விழும் நீள வெடிப்பு இந்தக் கேக்குக்கு இயல்பு, பதற வேண்டாம். குச்சியை ஒரே இடத்தில் குத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழக்கட்டியில் பட்டால் வெந்த கேக்கிலும் குச்சி ஈரமாகத்தான் வரும். இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். மைக்ரோவேவ் என்றால் சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் முறை மட்டும்.

ஓட்ஸும் வாழைப்பழமும் மட்டும் பிசைந்து செய்யும் பிஸ்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது மொறுமொறுப்பாக வராது. மெத்தென்றுதான் இருக்கும், அன்றைக்கே சாப்பிட வேண்டும். மொறுமொறுப்புக்காகக் கூடுதல் நேரம் வைத்தால் விளிம்பு கசக்கும்.

அவனிலிருந்து எடுத்ததும் கத்தியோடு நிற்பவர்களிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேளுங்கள். சூட்டில் வெட்டினால் வெந்த கேக்கும் வேகாத மாதிரி ஒட்டும், ஆறும்போதுதான் உள்ளே இறுகும். மறுநாள் மணம் இன்னும் கூடும். ஆனால் சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மூன்றாம் நாளே பூஞ்சை எட்டிப் பார்க்கும். மிச்சத்தைத் துண்டு போட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்குங்கள். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்துத் தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் தடவி இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டால் போதும்.