காட்டுப்பன்றிக்கு ரிவால்வர் தோட்டா: வேகத்தைக் கடைசியில் பாருங்கள்

தோட்டா என்பது உலோகக் கூடு, அதன் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு எல்லாம் சேர்ந்தது. அதைத் தாமே நிரப்பத் தொடங்குகிறவர்கள் நிரப்பும் கையேட்டைத் திறந்ததும் அதிகபட்ச அளவு போட்டிருக்கும் கட்டத்துக்குத்தான் போகிறார்கள். எவ்வளவு மருந்து வரை போகலாம், எவ்வளவு வேகம் கிடைக்கும்? கையில் இருப்பது .44 மேக்னம் என்ற பலமான ரிவால்வர் தோட்டா என்றால் இந்த ஆசை இன்னும் கூடுகிறது. ரிவால்வர் வேட்டைக்கு அது தலைகீழான தொடக்கம் என்பது என் கட்சி. முதலில் விலங்கு, பிறகு தூரம், அதன்பின் குண்டு. மருந்தின் முறை அதற்கப்புறம்தான்.

நான் வேட்டையாடுவது டெக்ஸாஸின் மலைப்பகுதியில், தெரிந்த ஒருவரின் பண்ணையில். பயிரையும் வேலியையும் நாசம் செய்கிற காட்டுப்பன்றிதான் அங்கே முதல் இலக்கு; பருவம் வந்தால் வெள்ளைவால் மான். நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை உரிமம் வேண்டாம் என்று 2019 செப்டம்பரில் அந்த மாநிலம் விதியை மாற்றியது. மானுக்கு உரிமம் கட்டாயம். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டே குண்டு வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே முடியாது, செம்பு போன்ற ஈயமில்லாத குண்டுதான். நான் கீழே சொல்லும் ஈயக் குண்டு விவகாரம் அங்கே செல்லாது.

தூரத்தைத் தோட்டா தீர்மானிப்பதில்லை, உங்கள் கை தீர்மானிக்கிறது. ஆறு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மரத்தில் குத்துங்கள். தரையில் உட்கார்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றிச் சுடுங்கள். சுட்டதெல்லாம் எந்தத் தூரம் வரை தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. எனக்கு அது 50 கஜம். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் இன்னும் தள்ளிப் போகலாம், ஆனால் பன்றி வரும்போது மேசை இருக்காது.

இனி குண்டு. மானின் விலா மெலிது. 240 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய எடை அலகு) எடையில் செம்பு உறை போட்ட குழிமுனைக் குண்டு, ஹார்னடி எக்ஸ்டிபி போன்றது, நுழைந்து விரிந்து மானுக்கு வேண்டிய வேலையைச் செய்துவிடும். முதிர்ந்த ஆண் பன்றி வேறு சங்கதி. தோலுரிக்கும்போது தோளுக்குப் பக்கத்தில் கத்தி திடீரென்று மந்தமாகும். அழுத்தினால் இரப்பர் டயரை அறுப்பது போலக் கறகறவென்று போகும். அந்தத் தடித்த நார்க்கவசம் பெரிய பன்றிகளில் ஓர் அங்குலத்தையும் தாண்டும். போதாததற்கு, பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாகவும் முன்னே தள்ளியும் இருக்கின்றன. மானுக்குக் குறிவைக்கிற மாதிரி தோளுக்குப் பின்னால் சுட்டால் குடலில் படும். ஆக, தோளை ஊடுருவியே போக வேண்டும். விரிகிற குண்டு அங்கே பாதி வழியில் நின்றுவிடக்கூடும்.

அதனால் பன்றிக்கு நான் எடுப்பது 250 கிரெயின், தட்டை மூக்குள்ள கடின ஈயக் குண்டு. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வகுத்த வடிவம் இது. .44 மேக்னத்துக்கு முந்தைய, பலம் குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டாவுக்காக அவர் உருவாக்கிய குண்டுக்கு லைமன் நிறுவனம் 429421 என்ற எண்ணில் வார்ப்பு அச்சு விற்றது. கனமான குண்டை வேகமாகச் செலுத்த வேண்டும் என்று அவர் விடாமல் நச்சரித்ததற்கும் 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .44 மேக்னம் ரிவால்வரைச் செய்ததற்கும் தொடர்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குண்டுக்கு இன்று பலர் துரத்தும் வேகம் தேவையே இல்லை. நொடிக்கு 1,100 முதல் 1,200 அடி வேகத்தில் போனாலே அகன்ற மூக்கு எலும்பை உடைத்து மறுபக்கம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வொரு நூறு அடியும் உங்கள் மணிக்கட்டுக்கும் காதுக்கும்தான் போகிறது.

கடினம் என்றதும் கல்லைப் போன்ற கலவையைத் தேடாதீர்கள். அளவுக்கு மீறிக் கடினமான ஈயம் எலும்பில் பட்டு நொறுங்கும். கடினத்தைவிடப் பொருத்தம் முக்கியம். தோட்டா ஏற்றும் சுழல் உருளையான சிலிண்டரைக் காலிசெய்து கழற்றி, ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கத்திலிருந்து குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். இலேசான அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும். பொத்தென்று விழுந்தால் குண்டு சிறியது. வாயு அதன் ஓரத்தை அரித்துக்கொண்டு போய்க் குழல் முழுக்க ஈயம் பூசிவிடும். .430 அங்குலக் குண்டு விழுந்தால் .431 அல்லது .432 கேட்டு வாங்குங்கள்.

300 கிரெயின் குண்டுகளைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். ஊடுருவல் பிரமாதம்தான். ஆனால் கனமான குண்டு குழலில் நின்று நிதானித்து வெளியேறுகிறது. அதற்குள் ரிவால்வர் உதைத்து எழும்பத் தொடங்கிவிடுவதால் இலக்கில் மேலே படும். பார்வைக் குறியைக் கடைசி வரை இறக்கியும் சரிப்படாத துப்பாக்கிகள் உண்டு. உங்கள் குறியில் இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

.45 கோல்ட் என்ற பழைய தோட்டாவுக்கான ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 1873-இல் வந்த அந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுதான்; .44 மேக்னத்துக்கு 36,000. சில கையேடுகளில் ரூகர் நிறுவனம் செய்வது போன்ற பலமான .45 கோல்ட் ரிவால்வர்களுக்கு மட்டும் என்று தனிப் பட்டியல் இருக்கும். அதில் உள்ளதைப் பழைய மாதிரியில் போட்டால் சிலிண்டர் வெடிக்கும். பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மருந்தின் அளவை நான் இங்கே தரப்போவதில்லை. அதை மருந்து நிறுவனமோ குண்டு நிறுவனமோ வெளியிட்ட கையேட்டிலிருந்து, அதே குண்டுக்கு உரிய வரியிலிருந்து எடுங்கள். தொடக்க அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுங்கள். நான் சொல்வது தேர்வைப் பற்றி மட்டும். ஹெச்110, டபிள்யூ296 என்று இரண்டு பெயரில் விற்பது ஒரே மருந்து. முழு வேகத்துக்கு அது அருமை, பலமாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமர் கேட்கும்; ஆனால் அளவைத் தாராளமாகக் குறைக்கவே கூடாது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கலாம். மேலே சொன்ன நடுத்தர வேகத்துக்கு அலையன்ட் 2400 என்ற மருந்து இணக்கமானது. எந்த மருந்தானாலும், சத்தம் மந்தமாக வந்தால் அடுத்ததைச் சுடாமல் குழலைச் சோதியுங்கள்.

நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சோதனை ஒன்று உண்டு. உதைப்பின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களில் உள்ள குண்டு கூட்டை விட்டு முன்னே நகரும். போதிய அளவு நகர்ந்தால் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீண்டு, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். காயம்பட்ட பன்றி பத்தடி தூரத்தில் நிற்கும்போது அது நடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆறு தோட்டா ஏற்றுங்கள். ஒன்றின் அடியில் பேனாவால் புள்ளி வைத்து அதன் நீளத்தை வெர்னியரில் அளந்து குறியுங்கள். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டுப் புள்ளி வைத்ததை எடுத்து மறுபடி அளங்கள். நீளம் மாறியிருந்தால் அந்தத் தோட்டா வேட்டைக்கு ஆகாது. கூட்டின் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் நன்றாக மடித்து இறுக்க வேண்டும். எல்லாக் கூடுகளும் ஒரே நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தால்தான் அந்த மடிப்பு ஒரே மாதிரி வரும். சோம்பல்பட்டு இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை வாங்காதீர்கள், நண்பர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்கக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை, விற்பனைத் தொழிலுக்குத் தேவை. துப்பாக்கிச் சந்தையில் பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் கிடைப்பதில் எந்த மருந்து, எவ்வளவு என்பது நிரப்பியவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். என் பெட்டிகளில் குண்டு, மருந்து, அளவு, பிரைமர், நீளம், நாள் எல்லாம் எழுதியிருக்கும்.

புறப்படும் முன், துப்பாக்கித் திடலில் குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி, வேட்டைக்கு எடுத்த ஒவ்வொரு தோட்டாவையும் அறையில் போட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் விரலை ஓட்டினால் பிரைமர் மட்டத்துக்கு மேலே தட்டுப்படக்கூடாது; தட்டுப்பட்டால் அது பின்தகட்டில் உரசிச் சிலிண்டரை நிறுத்தும், அதை ஒதுக்கிவிடுங்கள். காதுக்கு மின்னணுக் கவசம் அணியுங்கள். அதில் சருகு மிதிபடும் ஓசை கேட்கும், வெடிச்சத்தம் மட்டும் அடங்கும்.