டெல்லி கோடையில் வானிலை அறிக்கை படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்ததும் டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வானிலைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகள் ஆர்வத்தோடு "இன்றைய நிலவரம்" எழுதுகிறார்கள். எங்கள் மயூர் விஹார் குழுவுக்குப் பல கோடைகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் தடுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் தடுக்குகிறார்கள். தண்ணீர் குடியுங்கள், மதியம் வெளியே போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயமுறுத்தும் ஒரு எண்ணைப் பரப்புவது

2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது. மாலைக்குள் நாடு முழுக்க அந்த எண்தான் பேச்சு. அதே நாளில் டெல்லியின் அடிப்படை நிலையமான சப்தர்ஜங்கில் பதிவானது 46.8. பிறகு வானிலைத் துறை சோதித்துப் பார்த்து, முங்கேஷ்பூர் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று அறிவித்தது. பாலம், ஆயாநகர், ரிட்ஜ், லோதி ரோடு என்று மற்ற நிலையங்களையும் பார்க்காமல் ஒற்றை எண்ணை அனுப்பாதீர்கள். 46.8 டிகிரியே ஆளைச் சாய்க்கும் வெயில்.

42 ஆனதும் வெப்ப அலை என்று எழுதுவது

வெப்ப அலை என்று சொல்ல, சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட, அதாவது அந்த நாளின் பல வருடச் சராசரியைவிட, 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது நேராக 45-ஐ எட்ட வேண்டும். மே கடைசியில் டெல்லியின் இயல்பே 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். கணக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மழை சதவீதத்தை வைத்து இடிப்புயலை எடைபோடுவது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதற்குத்தான்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இடி மேகம் என்றதும் மனம் மழைக்குத்தான் போகும். எத்தனை மில்லிமீட்டர், எங்கே தண்ணீர் தேங்கும், பள்ளிக்கு லீவு உண்டா என்று கேட்போம். டெல்லியின் மே மாதத்தில் மழை இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது காற்று.

காரணம் இதுதான். வாரக்கணக்கில் லூ என்னும் வறண்ட அனல்காற்று அடித்துக் காய்ந்துபோன நிலத்தின் மேல், பல ஆயிரம் அடி உயரம் வரை காற்று கொதித்து உலர்ந்து கிடக்கிறது. மேற்கத்திய இடையூறு, அதாவது மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு, ஒன்று வந்து, அரபிக்கடலிலிருந்தோ வங்கக்கடலிலிருந்தோ கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் இடி மேகம் எழும்பும். அதன் அடிப்பகுதி மிக உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் மழைத்துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் கூடும். அது வேகமாக இறங்கித் தரையில் மோதி, கொட்டிவிட்ட குடத்துத் தண்ணீர் போல நாலாபுறமும் பாயும். வழியில் உள்ள புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். இங்கே இந்தியில் ஆந்தி என்று சொல்லும் புழுதிப் புயல் பெரும்பாலும் இதுதான். கீழே காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு மழை குறையும், வீச்சு கூடும். அதனால்தான் "மிக லேசான மழை" என்று போட்ட நாளில் மரங்கள் சாய்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். இரவு விருந்துக்கு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். குழுவில் ஒரு தம்பி, "மழை வாய்ப்பு 20 சதவீதம்தான் மாமா, தைரியமா நடத்துங்க" என்று எழுதியிருந்தார். அன்றைய அறிக்கையில் மழைக்கு அடுத்த வரியிலேயே மணிக்கு 50 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று இருந்தது. அவர் அந்த வரிக்குப் போகவே இல்லை. ஆறு மணிவாக்கில் மேற்கு வானம் பழுப்பாக மாறியது. கொஞ்ச நேரத்தில் ஷாமியானா கம்பங்களோடு பிடுங்கிக்கொண்டு பக்கத்து மாடியில் போய் விழுந்தது. ஒரு கம்பம் பட்டு, சமையலுக்கு வந்திருந்தவரின் முன்கை எலும்பு முறிந்தது. தினக்கூலிக்கு வந்த மனிதர். மழை தரையை நனைக்கக்கூட இல்லை. மறுநாள் அந்தத் தம்பி குழுவில், "சொன்ன மாதிரியே மழை வரல" என்று எழுதினார். அன்றே போன் போட்டுப் பேசினேன். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் வேறு யாராவது இதே வரியை எழுதிவிடுகிறார்கள்.

2022 மே 30 மாலை சப்தர்ஜங்கில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டது. 40 டிகிரியில் இருந்த வெப்பநிலை சற்று நேரத்தில் 25-க்கு இறங்கியது. நகரம் முழுக்க மரங்கள் கார்கள்மேல் கிடந்தன. 2018 மே 2 இரவு உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அடித்த புழுதிப் புயலில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சுவரும் கூரையும் இடிந்து, தூக்கத்திலேயே போனவர்கள் பலர்.

அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். அந்தப் பகுதியின் நிலையங்களில் 25 சதவீதம் வரை என்பதுதான் அதன் பொருள். எத்தனை இடத்தில் என்பதைத்தான் அது சொல்கிறது, எவ்வளவு கடுமை என்பதை அல்ல. அந்த ஓரிரு இடங்களில் ஒன்று உங்கள் தெருவாக இருக்கலாம்.

ஆகவே அறிக்கையில் காற்று வேகத்தை முதலில் படியுங்கள், குழுவிலும் அதையே முதலில் எழுதுங்கள். 50-க்கு மேல் போட்டிருந்தால் மாடி நிகழ்ச்சி கூடத்துக்குள் போகட்டும். தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டுங்கள், பால்கனிப் பூந்தொட்டிகளை உள்ளே எடுங்கள், வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியை நகர்த்துங்கள். மூன்று மணிக்குமேல் ரேடார் படத்தை அடிக்கடி பாருங்கள். மேற்கே ஹரியானாவின் ரோத்தக் பக்கம் சிவப்பாக, அதாவது பலத்த இடி மேகமாகத், தெரிவது நம் தெருவுக்கு வர அதிக நேரம் எடுக்காது.

பழைய உடனடி எச்சரிக்கையை ஃபார்வர்டு செய்வது

அதன் ஆயுள் மூன்று மணி நேரம். நேரம் தெரியாத படத்தை அனுப்பாதீர்கள்.

இடிக்கு மரத்தடியில் ஒதுங்குவது

கூடவே கூடாது.

இரவு வெப்பநிலையை விட்டுவிடுவது

எல்லோரும் பகல் உச்சத்தையே எழுதுகிறார்கள். 2024 ஜூன் 19 அன்று சப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2. இரவில் உடம்பு ஆற இடமில்லாமல் போனால் மறுநாள் வெயில் இரட்டிப்பாகத் தாக்கும். அப்புறம் கூலர் விஷயம். மே மாத உலர்ந்த காற்றில் கூலர் நன்றாகவே வேலை செய்யும், தண்ணீர் ஆவியாவதால்தான் அது குளிர்ச்சி தருகிறது. ஜூனில் கிழக்குக் காற்று ஈரத்தோடு வரத் தொடங்கினால் தண்ணீர் ஆவியாகாது, அறை புழுங்கும். டெல்லிக்குப் பருவமழை வரும் இயல்பான தேதி ஜூன் 27. அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் பெரியவர்களுக்கு மோசமானவை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, மேல்தளத்து அறையில் கூலரோடு படுத்திருக்கும் பாட்டி தாத்தாக்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் குறைந்தபட்ச வெப்பநிலையும் ஈரப்பதமும் உங்கள் குறிப்பில் கட்டாயம் இருக்கட்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்குத் தனியாகப் போன் போட்டு, கீழ்த்தளத்தில் படுக்கவைக்கச் சொல்லுங்கள்.