வ்யூஃபைண்டரில் சுத்தமாக இருந்தது, படத்தில் மட்டும் ஏன் பட்டை?

மிர்ரர்லெஸ் கேமராவோடு கல்யாண வேலைக்கு வரும் தம்பிகள் பேட்டரி சார்ஜ் போட மறப்பதையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. ஒரு நாள் திட்டு வாங்கினால் அது தானாகத் திருந்திவிடும். வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் குட்டித் திரை) விஷயம் அப்படி இல்லை. அதிலும் அதை ஒட்டியும் அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை.

வ்யூஃபைண்டரை நம்பி சைலண்ட் ஷட்டரில் எடுப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். போன முகூர்த்த சீசனில் ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி வால் (சுவர் அளவு எல்.இ.டி திரை), இரண்டு பக்கமும் பார் லைட் எனும் மேடை விளக்குகள். உதவிக்கு வந்த தம்பி சத்தம் வேண்டாமே என்று சைலண்ட் ஷட்டரில் (திரை எதுவும் அசையாமல் மின்னணு முறையில் எடுப்பது), 1/800 நொடி வேகத்தில் எடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் திறந்தால் தாலி கட்டும் படங்கள் அத்தனையிலும் குறுக்கே கறுப்புப் பட்டை. "அண்ணே, வ்யூஃபைண்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

நன்றாகத்தான் இருந்திருக்கும். வ்யூஃபைண்டரில் ஓடுவது முன்னோட்டம். அதற்குப் பெரும்பாலான கேமராக்கள் தமக்கு வசதியான ஒரு ஷட்டர் வேகத்தை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைத்து நாம் வைத்த எக்ஸ்போஷர் போலக் காட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழும். முன்னோட்டம் 1/100-ல் ஓடினால் ஒரு முழுச் சுற்றும் அதற்குள் அடங்கிவிடும், பட்டை தெரியாது. 1/800-ல் அடங்காது. அதோடு சைலண்ட் ஷட்டரில் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) வரிவரியாகப் படிக்கப்படுகிறது. மேலிருந்து கீழே வர 1/25 நொடி எடுக்கும் சென்சார் என்றால், அதற்குள் விளக்கு நாலு முறை மங்கும், படத்தில் நாலு பட்டை விழும். எல்.இ.டி வால் இன்னும் வேகமாக, நொடிக்கு ஆயிரக்கணக்கில்கூட அணைந்து எரியும். அப்போது பட்டைக்குப் பதில் சன்னக் கோடுகள்.

தாலி கட்டும்போது மெக்கானிக்கல் ஷட்டர் போடுங்கள். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? வேகம் 1/100. மேடை விளக்கு எரிந்ததும் ஒரு படம் எடுத்து, ப்ளேபேக்கில் பெரிதாக்கி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். பட்டை இருந்தால் அதில் பளிச்சென்று தெரியும்.

ஆன்டி-ஃப்ளிக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது

100, 120 ஹெர்ட்ஸ் மினுக்கலைக் கண்டுபிடித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் வசதி அது. 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2-லேயே இருந்தது. டியூப்லைட்டுக்கு அருமை, எல்.இ.டி வாலிடம் எடுபடாது. அதற்கென்று ஷட்டர் வேகத்தைத் துளித்துளியாக நகர்த்தும் செட்டிங் சில கேமராக்களில் உண்டு. அதைப் போட்டால் கோடு வ்யூஃபைண்டரிலேயே தெரியும். மறையும் வரை நகர்த்துங்கள்.

ரிஃப்ரெஷ் ரேட்டை எப்போதும் 120-ல் விடுவது

வ்யூஃபைண்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றிக் காட்டுகிறது என்பதுதான் ரிஃப்ரெஷ் ரேட். ஓட்டம், ஆட்டம் எடுக்க 120 சரி. மற்றதற்கு 60 போதும். பல கேமராக்களில் 120 போட்டால் வ்யூஃபைண்டரின் துல்லியம் குறையும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

இருட்டில் வ்யூஃபைண்டர் படம் இழுத்து இழுத்து ஓடினால் பழுது என்பது

பழுது இல்லை. வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு ஃப்ரேமையும் நீட்டி எடுக்கிறது.

வீடியோவை என்.டி.எஸ்.சி-யில் விடுவது

என்.டி.எஸ்.சி 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்களின் வீடியோ முறை. நம் 50 ஹெர்ட்ஸுக்கு மெனுவில் PAL போடுங்கள். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50.