மேடை நிர்வாகம் பழகத் தொடங்குபவருக்கு

மேடை நிர்வாகம் கற்க விரும்புபவர் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே உடனிருக்க வேண்டும். நாடகப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே வெற்றுத் தாள் ஒன்றைச் சேர்த்துக் கோத்து, யார் எந்த வசனத்தில் நுழைகிறார், விளக்கும் ஒலியும் எங்கே மாறுகின்றன என்பதைப் பென்சிலால் குறியுங்கள்; இயக்குநர் மறுநாளே மாற்றக்கூடும் என்பதால் பேனா வேண்டாம்.

‘ஸ்டாண்ட்பை, விளக்கு 12’ (பன்னிரண்டாம் விளக்கு மாற்றத்துக்குத் தயாராகுங்கள்) என்று சற்று முன்பே எச்சரித்து, உரிய நொடியில் ‘கோ’ (மாற்றுங்கள்) என்று சொல்வதே இப்பணியின் உயிர்நாடி. அச்சொல்லை ஹெட்செட்டில் வேறெதற்கும் உச்சரிக்காதீர்கள். காதில் விழுந்ததுமே விளக்கையோ ஒலியையோ இயக்குபவரின் விரல் பொத்தானை அழுத்திவிடும்.

நடிகர்கள் கையாளும் பொருட்களுக்கான மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு வரைந்து பெயரெழுதினால், கடிதம் இருக்கவேண்டிய கட்டம் காலியாக இருப்பது மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்.

லண்டன் அரங்குகளில், நடிகர்களுக்கு நேரம் அறிவிக்கும் ‘அரை மணி’ அழைப்பைத் திரை உயர்வதற்கு 35 நிமிடம் முன்பே கொடுக்கிறார்கள்; அந்த 5 நிமிடம், முதற்காட்சி நடிகர்கள் தத்தம் இடத்தில் நிற்பதற்கானது.