டேட்டா இன்டர்பிரட்டேஷன், தடய அறிவியல் ரெண்டு என்ட்ரன்ஸுக்கும் சேத்து படிக்குதவங்களுக்கு

எம்.பி.ஏ. என்ட்ரன்ஸுக்கும் தடய அறிவியல் என்ட்ரன்ஸுக்கும் சேத்து படிக்குத தம்பி தங்கச்சிங்க, ரெண்டும் சம்பந்தமே இல்லாத பாடம்னு நெனச்சி தனித்தனியா கோச்சிங் தேடி அலைய வேண்டாம். ரெண்டுலயும் வேல ஒண்ணுதான், குடுத்திருக்கது என்ன சொல்லுது, எதுக்கு மேல சொல்லல, அந்தக் கோட்ட கண்டுபிடிக்கணும்.

மொதல்ல டேட்டா இன்டர்பிரட்டேஷன், அதாவது எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ்ல டேபிள் குடுத்து கேள்வி கேக்குத பகுதி. காலைல பேப்பர்ல வருத நம்ம திருநெல்வேலி அணைங்க நீர்மட்டத்த எடுங்க. பாபநாசம் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கூடவே இன்னைக்கு மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் இருக்கும், தெனமும் புதுசா ஒரு டேபிள் கைக்கு வந்துருது. பாபநாசத்துல 100 அடி இருக்குன்னா எத்தன சதவீதம்னு பேனா தொடாம சொல்லிப் பழகுங்க. 143-ல பத்து சதவீதம் 14.3, ஏழு தடவைக்கு 100.1, அப்ப 70-க்கு ஒரு துளி கம்மி, அவ்வளவுதான். அடுத்து, 1000 கனஅடி ஒரு நாள் முழுக்க தெறந்துவிட்டா மொத்தம் எவ்வளவு தண்ணி? பேப்பர்ல சும்மா கனஅடின்னு போட்டாலும் அது ஒரு செகண்டுக்கு உள்ள கணக்கு, ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், அதனால 8.64 கோடி கனஅடி. யூனிட்ட பாக்காம ஓடுதவங்கதான் இதுல மாட்டுவாங்க. இன்னொண்ணு, 70 சதவீத உயரம் இருக்குன்னா 70 சதவீத தண்ணி இருக்குன்னு அர்த்தம் இல்ல, அணைல தண்ணி நிக்குத பள்ளம் அடியில குறுகி மேல போகப் போக அகலும், கொள்ளளவு அந்த டேபிள்ல இல்லன்னா பதில் ‘டேட்டா போதாது’தான்.

1/6-ன்னா 16.66 சதவீதம், 1/7 14.28, 1/8 12.5, 1/11 9.09, இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் வரணும். எம்.பி.ஏ.வுக்கு உள்ள கேட் (CAT) எக்ஸாம்ல செக்‌ஷனுக்கு 40 நிமிஷம், சரியானா 3 மார்க், ஆப்ஷன் உள்ள கேள்வில தப்பானா 1 போயிரும். அதனால எல்லா செட்டையும் (ஒரு டேபிளும் அதுக்குள்ள கேள்விகளும் சேந்தது ஒரு செட்) ஒரு ஓட்டம் பாத்துட்டு, எத விடணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, அதுதான் பெரிய வித்தை.

இப்ப தடய அறிவியல். ரத்தக்கறைய எடுத்துக்கிடுங்க, கேஸில்-மேயர் டெஸ்டுல பிங்க் வந்தா ‘ரத்தமா இருக்கலாம்’, அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லக்கூடாது. லூமினால்ங்குத கெமிக்கல் ரத்தம் பட்ட எடத்துல நீலமா ஒளி விடும், ஆனா பிளீச்சிங் பட்ட எடத்துலயும் விடும். டெய்க்மன், டகயாமா டெஸ்டுல கிரிஸ்டல் வந்தாத்தான் ரத்தம்னு உறுதி, அப்பவும் மனுச ரத்தமா ஆட்டு ரத்தமான்னு தெரியாது, அதுக்கு பிரெசிபிட்டின் டெஸ்ட் வேணும், யாரோடதுன்னு சொல்ல டி.என்.ஏ. வேணும். இந்தப் படிய வரிசையா மனசுல ஏத்திட்டீங்கன்னா பாதி கேள்வி தானா விழுந்துரும், ஏன்னா ஒரு படி தாண்டிப் போன ஆப்ஷன்தான் பெரும்பாலும் தப்பு.

விஷம் பகுதி நமக்கு ரொம்ப ஈஸி, எல்லாம் நம்ம வேலியோரத்துல நிக்குததுதான். மஞ்சள் அரளில தெவெட்டின், இதயத்த அடிக்கும். ஊமத்தைல அட்ரோபின் வகை, கண்ணு பாப்பா விரிஞ்சிரும். குன்றிமணில அப்ரின். செடிய நேர்ல பாத்துட்டு படிங்க, மறக்காது.

வருஷம் கொஞ்சம்தான்: 1849 மெட்ராஸ்ல கெமிக்கல் எக்ஸாமினர் லேப், 1897 கல்கத்தா கைரேகை பீரோ, 1910 பிரான்ஸ் லியான்ல லோகார்ட் ஆரம்பிச்ச போலீஸ் தடய லேப், 1984 அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடிச்ச டி.என்.ஏ. கைரேகை.

தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழக சீட்டு வேணும்னா அவங்க அறிவிப்ப நேரா அவங்க சைட்லயே பாருங்க, வாட்ஸப்ல வருதத நம்பி தேதிய விட்றாதீங்க. குற்றவியல் பக்கம் ஆசை இருந்தா அபிஷேகப்பட்டில நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலயே அந்தத் துறை இருக்கு, அதையும் விசாரிச்சு வைங்க.

சீனியர்கிட்ட பழைய புக் வாங்குனா கெமிஸ்ட்ரிக்கு, கைரேகைக்கு தாராளமா வச்சிக்கிடலாம், சட்டப் பகுதிய மட்டும் அதுல படிக்காதீங்க. 2024 ஜூலை 1-ல இருந்து சட்டம் மாறியாச்சு, நிபுணர் கருத்துன்னா சாட்சியச் சட்டம் 45-ஆவது பிரிவுன்னு அதுல இருக்கும், இப்ப அது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 39. ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றத்துக்கு தடய நிபுணர் சம்பவ எடத்துக்கு வரணும்னு பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 176(3) சொல்லுது, அதையும் குறிச்சிக்கிடுங்க.