வீட்டிலேயே காஸ்ப்ளே உடை: டெல்டா ஈரத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

2024 பிப்ரவரியில், காமிக்ஸ், சினிமா, கேம் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஒரு ராத்திரிப் பயணத்தில் எட்டும் விழா அது. அங்கே பிடித்த கதாபாத்திரமாக வேடமிடுவதுதான் காஸ்ப்ளே. அதற்கான உடையைச் செய்யத்தான் வீடியோக்களை நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் உலர்ந்த, ஏசி போட்ட அறையில் எடுத்தவை. ‘பத்து நிமிடம் காயவிடுங்கள்’ என்பது ஐப்பசி அடைமழையில் பாபநாசத்துக்குப் பொருந்தாது. முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் பொருள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 2 மி.மீ. மினுமினுப்பு ஃபோம் தாளில் முழு மார்புக்கவசமும் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. போட்டு ஒருமுறை குனிந்தாலே மடிந்துவிடும். மார்புக்கும் முழங்கைக்கும் 5 அல்லது 6 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட் (செருப்பில் வரும் மெத்தென்ற ஃபோம்) வேண்டும். தோள்பட்டைக்கும் பெரிய வாளுக்கும் 10 மி.மீ. சரியாக இருக்கும். 2 மி.மீ. தாளை மேல் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செருப்புத் தயாரிப்புப் பொருள் விற்கும் கடைகளில் ஷீட்டாகவே கேட்டு வாங்கலாம். வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாகக் குழிந்து எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் அது செருப்பின் அடிப்பாகத்துக்கானது: கனக்கும், வளையாது. யோகா பாயிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. பல பாய்கள் பி.வி.சி.யில் செய்தவை. சூடுகாட்டினால் வடிவம் நிற்காது, கெட்ட புகைதான் வரும்.

தெர்மாகோலில் செய்வது தப்பில்லை, ஆனால் அதன்மேல் செருப்புப் பசையையோ ஸ்ப்ரே பெயிண்டையோ நேராக விட்டுவிடாதீர்கள். இரண்டிலும் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அரை நிமிடத்தில் கிரீடத்தில் குழி விழுந்திருக்கும். வெள்ளை ஃபெவிகாலால் ஒட்டி, மேலே அதையே இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, இடைவெளி இல்லாமல் மூடி, முழுதாகக் காய்ந்த பிறகுதான் நிறம்.

அளவில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று: டேப் காட்டிய எண்ணை அப்படியே வெட்டுவது. முன்கை சுற்றளவு 28 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. ஷீட்டைச் சுற்றினால் அதன் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும். கணக்கில் எடுக்க வேண்டியது நடுக்கனத்தின் சுற்றளவு. அது 28-உடன் ஏறக்குறைய 3 செ.மீ. சேர்ந்து 31. உள்ளே போடும் சட்டைக்கும் கை மடக்கவும் இன்னொரு 2 செ.மீ. ஆக 33 வெட்ட வேண்டிய இடத்தில் 28 வெட்டிவிட்டு, கடைசி நாளில் இடைவெளியைத் துணியால் மூடுகிறார்கள். மார்பு, தோள் போன்ற சிக்கலான இடங்களுக்கு டேப் அளவே போதாது. பழைய பனியன் போட்டு, அதன்மேல் சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, முழுக்க மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு வரைந்து வெட்டி எடுத்தால் உங்கள் உடம்பின் வார்ப்பே கையில் இருக்கும்.

கட்டர் கத்தி பற்றி ஒரே வரி: நாலைந்து நீள வெட்டுக்கு ஒருமுறை பிளேடு நுனியை உடைத்துப் புதிதாக்குங்கள், மழுங்கினால் ஃபோம் பிய்ந்துதான் வரும்.

அடுத்தது பசை. டெல்டாவில் உடை கழன்று விழுவதற்கு முதல் காரணம் இதுதான். செருப்புப் பசை என்று நாம் சொல்லும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூச வேண்டும், காயவிட வேண்டும், பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அன்று பிடித்த மாதிரி தெரியும், மறுநாள் வாய் பிளக்கும். புறங்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. கடிகாரத்தை நம்பாமல் இதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதியை வீடியோக்கள் அதிகம் சொல்வதில்லை. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், குளிர்ந்த டம்ளரில் வேர்ப்பது மாதிரி பசைமேல் நீர் படியும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வெண்மையாக ஒரு மங்கல் தெரியும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒட்டாது. அப்படி ஆனால் மங்கல் போகும்வரை காத்திருந்து, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு போட்டு ஒட்டுங்கள். ஒட்டும் வேலையைக் காலைப் பனியிலும் மழை பெய்யும்போதும் வைத்துக்கொள்ளாமல், மதியம் 12 முதல் 4-க்குள் முடிப்பது நல்லது. அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் குறைவு. ஸ்ப்ரே வார்னிஷ் பால் படிந்தாற்போல வெளுத்துப்போவதற்கும் இதே ஈரம்தான் காரணம், அதற்கும் இதே நேரம்தான்.

பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும், தரையோடு தவழும். பக்கத்து அறையில் அடுப்பு எரிகிறதா, பூஜை மாடத்தில் காமாட்சி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு டின்னைத் திறங்கள். என்95 முகக்கவசம் ஃபோமைத் தேய்க்கும்போது பறக்கும் தூளை மட்டுமே தடுக்கும். ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் (ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) வைத்த மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் மொட்டைமாடிதான்.

ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) வளைக்க முயன்றால் சூட்டில் இணைப்பு திறந்துகொள்ளும். முதலில் சூடு, வளைவு, கடைசியில் பசை என்பதே வரிசை. கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஒரு சாண் தூரத்தில் ஓட்டிக்கொண்டே இருங்கள். மங்கலான பரப்பு லேசாகப் பளபளத்தால் துளைகள் மூடிவிட்டன, அங்கே நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் நிறம் பூசினால் ஃபோம் பஞ்சு மாதிரி குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து நாலு மெல்லிய பூச்சு. வியர்வையில் இது இளகும் என்பதால் மேலே வார்னிஷ் கட்டாயம். நிறத்துக்கு அக்ரிலிக் போதும். வீட்டில் மிச்சமிருக்கும் கதவு எனாமலைப் பூசினால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், காய்ந்ததும் மடிப்பில் வெடிக்கும்.

தலைக்கவசத்தைக் காகிதக் கூழில் செய்வதும் நல்ல வழி. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பலூன்மேல் காகிதம் ஒட்டி உச்சி வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே காற்று விரிந்து, ஈரக் காகிதம் கிழியும். நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒருதடவைக்கு மூன்று அடுக்கு மட்டும். அது முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த மூன்று. மழைக்காலத்தில் அவசரப்பட்டு ஏழெட்டு அடுக்கு போட்டால் நடுவில் பூஞ்சை பிடித்து, விழாவன்று உங்கள் மூக்குக்கு நேரே நாறும். மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். ஆனால் அது விஷம், முகம் படும் உட்பக்கத்துக்கு வேண்டாம். அதற்கு ஃபெவிகாலே போதும்.

கண் திறப்புக்கு வெள்ளைக் கொசுவலை வைத்தால் வெளிச்சம் அதில் பட்டு எதுவும் தெரியாது. கறுப்பு வலை வையுங்கள், உள்ளிருந்து பார்க்கலாம், வெளியே கண் தெரியாது. உச்சியிலும் காதோரத்திலும் காற்றுக்கு வழி விடாமல் இருப்பது அடுத்த தவறு. அரை மணி நேரத்தில் தலை சுற்றும்.

எடையை எங்கே தொங்கவிடுவது என்பதில் பொய்க்கால் குதிரையைப் பாருங்கள். இடுப்பைச் சுற்றி நிற்கும் குதிரைக் கூட்டைத் தோள்தான் தாங்குகிறது. மார்புக்கவசத்தையும் அப்படித்தான் மாட்ட வேண்டும்: ஒன்றரை அங்குல நைலான் நாடா, முதுகில் குறுக்காக, பை கிளிப்போடு. பசையோடு விற்கும் ஒட்டுப்பட்டியை (வெல்க்ரோ) ஃபோமில் ஒட்டினால் வியர்வையில் உரிந்துவிடும். பட்டியை நாடாவில் தைத்து, நாடாவை ஃபோமுக்குள் ஒட்டுங்கள். உள்ளே பருத்தி பனியன், பாலியெஸ்டர் வேண்டாம்.

கடைசியாகப் பயணம். இறக்கையையும் வாளையும் ஒரே துண்டாகச் செய்துவிட்டு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் வைக்க இடம் இருக்காது. 60 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள எதுவும் இரண்டாகப் பிரிய வேண்டும். பிரியும் இடத்தில் பி.வி.சி. குழாயைச் செருகலாம். வாளுக்குள் இரும்புக் கம்பி வேண்டாம், உலோகத்தைப் பல விழாக்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வெயிலில் பூட்டிய காரின் பின்பெட்டியில் உடையை விட்டால் ஹாட் குளூ (குச்சியை உருக்கி ஒட்டும் பசை) இளகி, ஃபோமும் சப்பையாகும். மீந்த செருப்புப் பசை டின்னையும் ஸ்ப்ரே கேனையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோகத் தடை. பழுதுபார்க்க ஊக்கு, ஊசி நூல், இரட்டைப்பக்க டேப், ஒரு சின்ன ஹாட் குளூ கன், மூன்று குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் கிடைக்கும் இடத்தை மண்டபத்துக்குள் போனதும் முதலில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.