பழைய கோட்டைப் படமா? முதலில் நீரைப் பாருங்கள்
19ஆம் நூற்றாண்டில் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரை சியோன் (Chillon) கோட்டைப் படம் கையில் கிடைத்தால், 10 மடங்கு லென்ஸை முதலில் ஏரி நீரின் மேல் வையுங்கள். கோட்டையின் பிம்பம் பெரும்பாலும் கிடைக்கோடுகளால் ஆனது. கோடு தடித்தால் சுவரின் நிழல். மெலிந்து அறுபட்டால் அலையில் பட்ட ஒளி. வெள்ளை மை கிடையாது, வெறும் காகிதம்தான் வெளிச்சம். எவ்வளவு அழகான சிக்கனம்!

அருகிலுள்ள பாறைக்கு ஆழமான கோடுகள், தூரத்து மலைக்கு மயிரிழைக் கோடுகள். தகடு தேயும்போது மயிரிழைகளே முதலில் மறையும். மலை வெளிறி, படம் தட்டையாகிவிடும். அந்தப் பிரதிக்கு அதிக விலை தராதீர்கள். கோடுகளே சீரான புள்ளி வரிசைகளாக உடைந்து தெரிந்தால், அது பிற்கால நகல்.